ஒன்று தள்ள, ஒன்று இழுக்க

கடைக்குள் இரண்டு கார் நிற்கலாம். வலப்பக்கத்தில் அண்ணன் வேலை பார்ப்பான். இடப்பக்கம் காலி. காலி என்றால் அட்டைப்பெட்டிகள், கால் உடைந்த ஸ்டூல், எந்தக் காரிலிருந்தோ கழற்றிப் போட்ட சீட் ஒன்று. கார் மட்டும் நின்றதில்லை.

வாசலை ஒட்டி ஒரு மேசை. அங்கே பொடிசு உட்கார்ந்திருந்தாள். போன் எடுப்பாள், பில் எழுதுவாள், டீ சொல்வாள். பொடிசு என்பது வைத்த பெயர் இல்லை. ஆள் குள்ளம், அண்ணனுக்கு இளையவள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் தெருவில் யாரும் வேறு மாதிரிக் கூப்பிடவில்லை.

பின்னறையில் அண்ணி கார் சீட்டுக்கு உறை தைத்தாள். தையல் மெஷின் ஓடும்போது அவளுக்கு ஒன்றும் கேட்காது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் அவனை அப்படியே நினைக்க விட்டிருந்தாள்.

அண்ணனுக்குத் தொழில் காருக்குள் பாட்டு. முக்கியமாக சப்வூஃபர். பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர் அது. காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்கு அதிகம் கேட்கும். அண்ணன் வேலை செய்த வண்டி தெருமுனை திரும்பும் முன்பே அடுத்த தெருவின் ஜன்னல்கள் பேச ஆரம்பிக்கும். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்லக்கூடிய இன்னொரு ஆள் கடைக்குள் இருக்கக் கூடாது என்பதிலும் அவன் கவனமாக இருந்தான்.

இடப்பக்கத்துக்கு ஆள் வராமல் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் அண்ணன் பரீட்சை வைத்தான். ஒரு வண்டியைக் கொடுத்து, முழு வேலையும் தனியாகச் செய்யச் சொல்வான். வேலை முடிந்ததும், "போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று தோளைத் தட்டி அனுப்புவான். ஆள் தெருவில் இறங்கியதும் டிக்கிக்குள் குனிவான்.

டிக்கியில் இருக்கும் மரப்பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு வயர். அண்ணன் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகி, மறுபடி முடுக்கிவிடுவான். அவ்வளவுதான். வெளியே எந்தத் தடயமும் இருக்காது. ஆனால் பாட்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டு பேர் கட்டிலைத் தூக்கும்போது ஒருவர் மட்டும் கீழே அழுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டும் மாய்ந்து மாய்ந்து உழைக்கும். சத்தம் மட்டும் செத்துக் கிடக்கும்.

முதலில் வந்தவன் பேட்டரியையே மாற்றிப் பார்த்தான். இரண்டாமவன் பாட்டு சரியில்லை என்றான். மூன்றாமவன் முழு வண்டியையும் பிரித்துக் கோத்து, வெறுத்துப்போய், பக்கத்து டயர்க்கடையில் சேர்ந்துவிட்டான். டயரில் ப்ளஸ் மைனஸ் கிடையாது.

அண்ணன் அப்படிச் செய்வதை மேசையிலிருந்து பொடிசு மூன்று முறையும் பார்த்தாள். மேசையில் இருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அது அந்த வேலையில் இருக்கும் ஒரே வசதி.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். திருட்டுத்தனம் செய்தால் அண்ணனின் கை காது மடலைத் தேடிப் போகும். சின்ன வயதில் கேரம் ஆடும்போதே அப்படி. காய் தானாக நகர்ந்திருக்கிறதே என்று நிமிர்ந்தால் அவன் காதைச் சொறிந்துகொண்டிருப்பான். இது அவனுக்கே தெரியாது. அவளும் சொன்னதில்லை.

பேச்சு தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. டாக்டரம்மா ஒருவர் புதுக் கார் கொண்டுவந்தார். அடுத்த வாரம்தான் முடியும் என்றான் அண்ணன். அவர் சரி என்று சொல்லிவிட்டு வேறு கடையைப் பார்க்கப் போனார்.

"இடப்பக்கத்தை எனக்குக் குடு அண்ணா" என்றாள் பொடிசு.

"எதுக்கு? மேசையை அங்க தள்ளிப் போடணுமா?"

"வண்டி போடணும்."

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தான். டயர்க்காரர் வழக்கம்போல இங்கே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா?" என்றான் அவரிடம்.

"கேட்டுச்சு. இத்தனை வருஷம் உங்க கடை பக்கத்துல இருந்தும் எனக்கு இன்னும் காது கேக்குது."

"உனக்கு என்னடி தெரியும்?" என்றான் தங்கையிடம்.

"நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப யார் வேலை பாத்தது? ஒரு வண்டியாவது ரிப்பேர்னு திரும்பி வந்துச்சா?"

"வரல. கஸ்டமரே வரலன்னு அர்த்தம்."

"என் வேனும் அதுல ஒண்ணு" என்றார் டயர்க்காரர். "நான் நீங்க போட்டதுன்னு நெனச்சு ஊரெல்லாம் உங்களைப் புகழ்ந்துட்டேன். இனி யார்கிட்ட போய்த் திருப்பி வாங்குறது?"

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபத்தில் அவன் தாராளமாகிவிடுவான். அதுதான் அவனுடைய பலவீனம்.

"சரி. என் வண்டியில போடு. புதுசா, முதல்ல இருந்து. தனியாப் போடணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் டெஸ்ட். ஒரே ஒரு குறை தெரிஞ்சாலும் இந்தப் பேச்சை ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது."

"குறை இல்லன்னா?"

"இடப்பக்கம் உனக்கு. அந்த டப்பாவெல்லாம் நானே தூக்கி வெளிய போடுறேன்."

பின்னறையில் தையல் மெஷின் நின்றது.

"அந்தக் கார் சீட்டையும்?" என்று அண்ணியின் குரல் கேட்டது.

"அதையும்."

மெஷின் மறுபடி ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் கார் வலப்பக்கத்தில் நின்றது. அண்ணன் மேசையில் உட்கார்ந்தான். பொடிசு பானெட்டைத் திறந்து முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினாள். அதை மறந்தவர்கள் ஸ்பேனர் முனையில் தீப்பொறி பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அவள் அடுத்தவர் பார்த்த தீப்பொறியிலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

பேட்டரியின் ப்ளஸிலிருந்து விரல் தடிமனில் சிவப்பு வயர். ஒரு முழம் தாண்டுவதற்குள் அதில் ஃப்யூஸ். வயர் எங்காவது உராய்ந்து தகரத்தைத் தொட்டால் வண்டி எரிவதற்குப் பதில் ஃப்யூஸ் எரியும். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரச்சுவரில் துளை. துளையின் விளிம்பு வயரைக் கடிக்காமல் இருக்க ரப்பர் வளையம். டாஷ்போர்டுக்கு அடியில் அண்ணன் தலைகீழாகத் தொங்கிச் செய்கிற வேலையை அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்தாள். குள்ளமாக இருப்பதில் லாபம் உண்டு என்பதை அந்த இடத்தில்தான் ஒப்புக்கொள்வாள்.

"போன் அடிக்குது" என்றாள் உள்ளிருந்தே.

"கேக்குது, கேக்குது." அண்ணன் எடுத்தான். "ஹலோ. இல்ல. தெரியாது. அவ வேலையா இருக்கா. என்ன வேலையா? அதை ஏன் கேக்குறீங்க?" வைத்தான். "எல்லாரும் உன்னையே கேக்குறாங்க. எனக்கு வேலை வேணாமா?"

மின்சார வயரை வண்டியின் இடது ஓரமாகக் கொண்டுபோனாள். பாட்டைக் கொண்டுபோகும் மெல்லிய கேபிளை வலது ஓரமாக. இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் எஞ்சினின் முனகல் பாட்டுக்குள் புகுந்துவிடும். டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுப்பெட்டியிலிருந்து, டிக்கியில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு சின்ன வயர். பாட்டுப்பெட்டி தூங்கினால் ஆம்ப்ளிஃபையரும் தூங்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரி தீர்ந்து காலையில் வண்டியே எழுந்திருக்காது.

கடைசியாக எர்த், மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பிப் போக. டிக்கியின் தரையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெறும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, கறுப்பு வயரைக் கையளவு நீளத்தில் வெட்டி போல்ட் போட்டு முடுக்கினாள்.

அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். எர்த்தைக் கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. ஃப்யூஸை முகர்ந்துகூடப் பார்த்தான்.

"சுமாரா இருக்கு" என்றான்.

அவன் எதையும் அதற்கு மேல் புகழ்ந்ததில்லை. தன் கல்யாணத்தைப் பற்றியும் அதைத்தான் சொல்வான்.

சனிக்கிழமை காலை ஸ்பீக்கர் பெட்டி வேலை மட்டும் பாக்கி. அப்போது பொடிசு நிதானமாக யோசித்தாள்.

ஒழுங்காக முடித்தால் என்ன ஆகும்? யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்ன அண்ணனே பெட்டியில் கை வைப்பான். ஒரு ஸ்பீக்கரின் வயரை மாற்றுவான். டெஸ்டில் சத்தம் செத்துவிடும். அவள் பெட்டியைத் திறந்து காட்டினால், "பாத்தீங்களா, மாத்திப் போட்டிருக்கா" என்பான். யார் மாற்றியது என்று வயர் சாட்சி சொல்லாது.

ஆகவே தவறாக முடிக்க வேண்டும்.

பெட்டியின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் வயர் வெளியே அதில் சேரும். உள்ளே அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் வயர் பிரியும். பொடிசு உள்பக்கம் கையை விட்டு, ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஜோடியைத் தட்டிலேயே இடம் மாற்றிச் செருகினாள். மேலே பஞ்சை அடைத்தாள். பெட்டிக்குள் பஞ்சு அடைப்பது வழக்கம்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஸ்பீக்கர் முனையில் சிவப்பு ப்ளஸிலும் கறுப்பு மைனஸிலும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. திறந்து பார்ப்பவன் கண்ணுக்கு எல்லாம் சரி.

இனி அண்ணன் எந்த ஸ்பீக்கரை மாற்றினாலும் கவலை இல்லை. அவள் மாற்றிய அதையே மாற்றினால், தவறு நேராகிவிடும். மற்றதை மாற்றினால், இரண்டும் ஒரே மாதிரித் தலைகீழாகி ஒன்றாகத் தள்ளும், ஒன்றாக இழுக்கும். கட்டில் தூக்கும் இருவரும் ஒரே பக்கம் ஆகிவிடுவார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அண்ணன் யோக்கியனாக இருந்துவிட்டால் அவள் கெட்டாள்.

அதற்கும் வழி வைத்தாள். ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை முடுக்கும்போது ஒவ்வொன்றின் தலைக்கோடும் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தினாள். அண்ணன் கழற்றி முடுக்கினால் கோடு கண்டபடி சாய்ந்திருக்கும். சாய்ந்திருந்தால் டெஸ்ட். நேராக இருந்தால், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, தன் தவறைத் தானே சரிசெய்துகொள்ளலாம்.

மத்தியானம் வேண்டுமென்றே கைகழுவி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி சிரிப்பை அடக்க மெஷினை வேகமாக ஓட்டினாள். துணியே இல்லாமல் ஊசி ஏறி இறங்கியது.

"செய்யாம விட்டுட்டாருன்னா?" என்றாள் அண்ணி.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி."

"அண்ணன் தப்பு செய்யணும்னு வேண்டிக்கிற தங்கச்சியை இப்பதான் பாக்குறேன்."

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தவள் நேராக டிக்கிக்குப் போனாள். பெட்டியின் முகத்தில், இரண்டு ஸ்பீக்கரையும் மூடி, கறுப்புக் கம்பிவலை உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூ ஒன்றுகூடத் தெரியவில்லை. அண்ணன் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் டீ. மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். பக்கத்தில் டயர்க்காரர் நின்றார். அவர் பின்னால், கையிலிருந்த டயர்க் கறுப்பைத் துடைத்தபடி, பரீட்சையில் தோற்ற அந்த மூன்றாமவனும்.

"வலை போடாம விட்டுட்டியே" என்றான் அண்ணன். "சாமான் ஏத்தும்போது ஸ்பீக்கர் கிழிஞ்சிடும். நெனச்சிருந்தா அதையே குறைன்னு சொல்லியிருப்பேன். போனாப் போகுதுன்னு நானே போட்டுட்டேன்."

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொன்ன?"

"வலைதானடி. வலையில என்ன இருக்கு? எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். டெஸ்ட் பாத்துடலாம்."

"ஒரு நிமிஷம். திறந்து ஒருதடவை பாத்துக்கறேன்."

"டெஸ்டுக்கு முன்னாடி திறந்தா குறை இருக்குன்னு நீயே ஒத்துக்கறேன்னு அர்த்தம். என்ன சொல்றீங்க?" என்று டயர்க்காரரைப் பார்த்தான்.

"அது நியாயம்தான்" என்றார் அவர். நியாயம் பேசுகிற நேரமா அது என்று பொடிசுக்கு இருந்தது.

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான்.

"எர்த் நல்லா குடுத்திருக்கடி" என்றான். "நானே இவ்வளவு சுரண்டியிருக்க மாட்டேன்."

பொடிசு எர்த்தைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கு வந்த நாளிலிருந்து அவன் வாயில் வராத சொல். அது உண்மையாக இருந்தால்? நிஜமாகவே மனம் இளகி, வலை போட மட்டும் குனிந்திருந்தால்? அப்படியானால் உள்ளே இருப்பது ஒரே ஒரு தவறு. அது அவளுடையது. யோக்கியமான அண்ணனை நம்பாமல் போன தங்கைக்கு மேசைதான் ஆயுசுக்கும்.

ஸ்க்ரூவைப் பார்க்க முடியாது. ஆனால் பார்க்க இன்னொன்று இருந்தது. காதைத் தேடிப் போகும் அண்ணனின் கை. இப்போது இரண்டு கையும் நிறைந்திருந்தன.

"டீ ஆறிப்போச்சு. குடு, வேற சொல்றேன்" என்று கிளாஸைப் பிடுங்கினாள்.

"ஆறலடி, இப்பதான..."

"ஸ்க்ரூ டிரைவரையும் குடு. என் பையில வைக்கணும்."

அண்ணனின் இரண்டு கையும் காலியாயின. வலது கை சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. தொடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. எழுந்தது. பிடரியைத் தடவியது. பொடிசு மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரியிலிருந்து அந்தக் கை, வீட்டுக்கு வழி தெரிந்த மாடு போல, மெல்ல நகர்ந்து காது மடலைப் பிடித்துச் சொறிந்தது.

பொடிசு மூச்சை விட்டாள். அண்ணன்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் வந்ததில்லை.

"பாட்டைப் போடு" என்றாள்.

அண்ணனுக்கு டெஸ்ட் பாட்டு என்று ஒன்று உண்டு. எல்லா வண்டிக்கும் அதுதான். மத்தளமும் மோட்டாரும் சேர்ந்த மாதிரி ஒரு அடி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு மூச்சு நேரம் அத்தனையும் நின்றுவிட்டு, பிறகு மொத்தமாக இறங்கும். அண்ணன் முன்சீட்டில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டனைத் தட்டினான். அனுதாபப்படத் தயாரான முகம். தங்கையைத் தேற்ற என்ன சொல்வது என்றுகூட முடிவுசெய்து வைத்திருந்தான் போலிருந்தது.

முதல் அடி விழுந்தது.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி நடுங்கி, அதில் தெரிந்த எல்லோருக்கும் இரண்டு முகமானது. வண்டிக் கூரையில் இருந்த ஸ்பேனர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தது. அலமாரியிலிருந்து பல வருடத்துத் தூசி இறங்கியது. பின்னறையில் நூல்கண்டுகள் மேசையிலிருந்து குதித்து வாசல் வரை உருண்டு வந்தன. அவற்றின் பின்னால் அண்ணி வந்தாள். டயர்க்காரர் நெஞ்சில் கை வைத்து, அது தன்னுடையதுதானா என்று சரிபார்த்தார்.

அண்ணன் சத்தத்தைக் குறைத்தான். கூட்டினான். இறங்கி ஓடி டிக்கிக்கு வந்து வலையில் காதை வைத்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று பொடிசு கையால் காட்டினாள். அவன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். அந்த நேரம் பார்த்துப் பாட்டு மூச்சு வாங்க நின்றது.

"...ஒண்ணை நான்தானே மாத்தி விட்டேன், அப்புறம் எப்படி அடிக்குது?"

நிசப்தத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு பாட்டு மொத்தமாக இறங்கியது.

அண்ணி போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணை மாத்தி விட்டேன்னு கேட்டுச்சு."

"வலையைச் சொன்னேன்."

மூன்றாமவன் முன்னால் வந்தான். குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணே, அன்னைக்கு என் பெட்டியிலயும் நீங்கதானா?"

அண்ணன் டிக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டான். கை மட்டும் காதுக்குப் போனது.

"நான் அந்த வண்டியில மூட்டு மூட்டாக் கழட்டினேன்" என்றான் அவன். "கனவுலகூட வயரா வந்துச்சு."

"டயர்க்கடை நல்ல கடைதானப்பா" என்றான் அண்ணன்.

"நல்ல கடைதான்" என்றார் டயர்க்காரர். "ஆள் சேக்க நீங்க இவ்வளவு சிரமப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அண்ணன் அடிபட்டாலும் சும்மா விழுபவன் இல்லை. அவன் மூளை வேலை செய்யும் சத்தம் கிட்டத்தட்டக் கேட்டது. திடீரென்று பொடிசின் பக்கம் விரலை நீட்டினான்.

"இரு. நான் ஒண்ணை மாத்தினேன். அப்படியும் அடிக்குதுன்னா, நீ முதல்லயே ஒண்ணைத் தப்பாப் போட்டிருக்க. அது குறையா இல்லையா? தோத்துட்ட."

அதில் ஒரு நியாயம் இருந்தது. டயர்க்காரர்கூடத் தாடையைச் சொறிந்தார்.

பொடிசு அவசரப்படவில்லை. "ஒரே ஒரு குறை தெரிஞ்சாலும்னுதான சொன்ன? எங்க தெரியுது?"

"உள்ள இருக்கு."

"உள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"திறந்து..." என்று ஆரம்பித்து, மீதியை மென்று விழுங்கினான்.

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாருங்க?" என்றாள் அண்ணி. "நானா?"

"நீ மெஷின் ஓட்டிட்டு இருந்தியே. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்கு எல்லாம் கேக்கும். கல்யாணத்தைப் பத்தி சுமாரா இருக்குன்னு சொன்னதும் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு அண்ணன் வாதாடவில்லை. எந்த வழக்கில் தோற்பது குறைந்த நஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக இடப்பக்கம் போனான். முதல் அட்டைப்பெட்டியைத் தூக்கினான். இரண்டாவதைத் தூக்கும்போது முதுகு காட்டியபடியே சொன்னான்.

"தட்டுல மாத்தினியா?"

"ஆமா."

"பஞ்சுக்கு அடியில?"

"ஆமா."

அண்ணன் பெட்டிக்குள் முகத்தை விட்டான். அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று டயர்க்காரர் பதறி எட்டிப் பார்த்தார். இல்லை. சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பது தங்கைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அட்டைப்பெட்டிக்குள் சிரித்தான்.

ஸ்டூல் போனது. பெட்டிகள் போயின. கார் சீட்டைத் தூக்க வந்தபோது பொடிசு தடுத்தாள்.

"அது இருக்கட்டும். உக்கார வேணும்."

இடப்பக்கத்தின் தரையை அவள் முழுசாகப் பார்த்தது அன்றுதான். எண்ணெய்க்கறை ஒன்றுகூட இல்லை. இனிமேல் விழும்.

டயர்க்காரரும் அவர் ஆளும் கிளம்பினார்கள். அண்ணன் தன் காரை நெருங்கி வலையைத் தட்டினான்.

"இதை இப்படியே விட முடியாது. ரெண்டு தப்பு சேர்ந்து பாடுது. நாளைக்கு எவனாவது திறந்து பாத்தா கடை மானம் போயிடும்."

"உன்னுதை நீ எடு. என்னுதை நான் எடுக்கறேன்."

வலையைக் கழற்றினார்கள். கீழே ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி ஸ்க்ரூத் தலைகள் திருவிழாக் கூட்டம் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. மற்ற ஸ்பீக்கரில் எல்லாம் நேராக நின்றன. அண்ணன் அதைக் கவனித்தான். தங்கையைப் பார்த்தான். தன் ஸ்பீக்கரைக் கழற்றி, வயரைப் பழையபடி மாற்றிச் செருகினான். அந்த ஓட்டை வழியாகப் பொடிசு கையைத் தோள்வரை விட்டாள். பஞ்சுக்குள் கை கொஞ்ச நேரம் வேலை செய்தது. வெளியே வந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

முடுக்கினார்கள். அண்ணன் முன்சீட்டில் ஏறிப் பாட்டைத் தட்டினான்.

கண்ணாடி அசையவில்லை. ஸ்பேனர் தூங்கியது. பெட்டிக்குள் யாரோ போர்வைக்கு அடியில் இருமுவது போல ஏதோ கேட்டது.

"என்னடி இது?"

"தெரியலையே."

"நான் சரியாத்தான் மாத்தினேன். நீ பாத்துட்டுதான இருந்த?"

"பாத்தேன். நானும் கையை விட்டதை நீ பாத்துட்டுதான இருந்த?"

அண்ணன் பார்த்தான். மறுக்க முடியாது. சின்ன வயது கேரம் ஆட்டத்தில்கூடப் பொடிசு ஏமாற்றியதாக அவனுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. பேட்டரியிலிருந்து ஆரம்பித்தான். ஃப்யூஸைப் பார்த்தான். ரப்பர் வளையத்தைப் பார்த்தான். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கினான். இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

பொடிசு இடப்பக்கத்துக்குப் போனாள். கார் சீட்டைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டினாள். அண்ணி நூல்கண்டுகளைப் பொறுக்கியபடி அருகில் வந்தாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டி காதைச் சொறியற?"

பொடிசு கையைக் கீழே போட்டாள். தன் கை அங்கே போயிருந்தது அவளுக்கே தெரியாது. மேசையில் இருந்த காலமெல்லாம் அதை யாரும் பார்த்ததும் இல்லை.

"தூசி அண்ணி" என்றாள்.

"எர்த்துல ஏதோ இருக்குடி" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நல்லாத் தேடு அண்ணா."

மேசையில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"யாராவது போன் எடுங்க" என்றாள் பொடிசு, சீட்டில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு. "அப்படியே ஒரு டீ சொல்லுங்க."